வெளியே ஒருத்தருக்கும் தெரியாது, சார்

எனக்குக் கோபம் அதிகம் என்று எங்கள் கல்லூரியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். மூக்குக்கு மேலே வைத்துக்கொண்டுதான் திரிகிறேன். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சீனியர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு வந்த கோபம் வேறு ஒருவருக்கும் வரவில்லையே என்பதுதான் இன்றைக்கு வரைக்கும் ஆறவில்லை. இந்த ஊருக்கு வரவேண்டிய தொழில் அது. வரவேண்டியது என்ன, வந்தே விட்ட தொழில். அதைச் சட்டை கசங்காத நாலு பேர் உட்கார்ந்து பேசிக் கோயம்புத்தூருக்குத் தாரை வார்த்தார்கள். அப்புறம் அதே நாலு பேர் பட்டமளிப்பு விழா மேடையில் ஏறி, நம் பிள்ளைகளுக்கு நம் ஊரில் வேலை இல்லையே என்று வருத்தமும் பட்டார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரி சேரன்மகாதேவியிலிருந்து கொஞ்சம் தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. முன்வாசல் பெரிய ரோட்டைப் பார்த்தது. அங்கே வளைவு உண்டு, பூச்செடி உண்டு, சீருடை போட்ட வாட்ச்மேன் உண்டு. எங்கள் மெக்கானிக்கல் லேப் பின்பக்கம். லேபைத் தாண்டினால் பின்வாசல். அதற்கு வெளியே கால்வாய்க்கரை ரோடு. ரோட்டின் அந்தப் பக்கம் சில பட்டறைகள். டிராக்டர் ட்ரெய்லர், கலப்பை, ஜன்னல் கம்பி என்று எது வந்தாலும் செய்வார்கள். பட்டறைகளுக்கு நடுவில் ஒரு டீக்கடை இருந்தது. எங்கள் கல்லூரியில் உருப்படியாக நடந்த ஆராய்ச்சியில் பாதி அந்த டீக்கடை பெஞ்சில்தான் நடந்தது என்றால் நிர்வாகத்துக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஆராய்ச்சி என்று நான் சொல்வது வாழைநார் எடுக்கும் மெஷின். வாழை ஒரு தார் போட்டதோடு சரி. தாரை வெட்டியதும் மரத்தையும் வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். களக்காட்டிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வெட்டு முடிந்த தோட்டங்களில் மரம் மரமாக அழுகிக் கிடக்கும். கால்வாயில் தள்ளிவிட்டு மதகை அடைத்துக்கொண்டு சண்டை வரும். அந்த மரத்தின் மட்டையை உரித்து, சுழலும் உருளைக்கும் அதன் எதிரே நிற்கும் தகட்டுக்கும் நடுவே கொடுத்து இழுத்தால், சதை வழிந்துபோய் நார் மட்டும் கையில் நிற்கும். நிற்க வேண்டும். நாங்கள் செய்த முதல் மெஷினில் நார் நிற்கவில்லை. மென்று துப்பியது.

உருளையில் ஒரு பிளேடு கழன்று போனபோதுதான் எதிர்ப்பட்டறை அண்ணாச்சி உள்ளே வந்தார். வெல்டிங் வைக்க வந்தவர், வேலையை முடித்துவிட்டுப் போகவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன மேடம், இது நார் எடுக்குதா, இல்ல சட்னி அரைக்குதா?" என்றார்.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, தரையெல்லாம் சட்னிதான் கிடந்தது.

அண்ணாச்சியைப் பற்றி யாரும் தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அடக்கமான மனிதர் என்று அவரை யாரும் பழி சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் பெருமைதான். அவர் சொன்ன யோசனைகளில் பாதி ஆகாதவை. மோட்டாரைப் பெரிதாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் அடம்பிடித்ததில், ஒருநாள் மட்டை கையைவிட்டுப் பறந்து லேப் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. நான் சொன்னவையும் எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. பிளேடுகளைச் சாய்த்து வைக்கச் சொன்னது என் கணக்கு. அதுவும் சொதப்பியது. ஆனால் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எல்லோரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தோம். என் பிள்ளைகள், பட்டறைக்காரர்கள், மட்டை ஏற்றி வந்த விவசாயிகள். ஒருவர் கெடுத்ததை இன்னொருவர் கேட்டார். யாரோ எதற்கோ சொன்ன பேச்சில் எங்கள் மெஷினுக்கு வழி கிடைத்தது. நெல் அவிக்கிற மில்லில் பெல்ட் வழுக்குவதைப் பற்றி ஒருவர் புலம்பப்போய், எங்கள் உருளையின் வேகம் ஏன் நிலையாக இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அவரிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. எனக்கே அப்படி ஒரு கேள்வி இருப்பது தெரியாது.

எனக்கு இது புதிது இல்லை. நான் கடற்கரைக்காரி. என் அப்பா படகு இன்ஜின் மெக்கானிக். ஒரு படகில் புரொபல்லரை மாற்றிப் போட்டு டீசல் மிச்சமானால், மறுநாள் கரை முழுக்க அந்தப் பேச்சுத்தான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அப்பா கண்டுபிடித்ததை அடுத்தவர் செய்தார், அடுத்தவர் செய்ததில் ஒரு திருத்தம் அப்பாவுக்குத் திரும்பி வந்தது. கெட்டிக்காரத்தனம் கரையில் இருந்தது, ஒரு ஆளிடம் இல்லை. அதனால்தான் வேறு ஊர்ப் படகுகளும் வேலைக்கு எங்கள் கரைக்கு வந்தன.

இங்கேயும் அதுவேதான் நடந்தது. மெஷின் ஓட ஆரம்பித்ததும் அண்ணாச்சி எங்களுடையதைப் பார்த்து ஒன்று செய்து விற்றார். அதைப் பார்த்துப் பக்கத்துப் பட்டறை. அப்புறம் இன்னொன்று. ஒருவர் கால் மிதியில் நிறுத்துகிற மாதிரி செய்தார், ஒருவர் சக்கரம் வைத்துத் தோட்டத்துக்கே இழுத்துப் போகிற மாதிரி செய்தார். அதையெல்லாம் என் பிள்ளைகள் பார்த்துவந்து லேபில் மறுபடி மாற்றினார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்த ஒருவர் எங்கள் ரோட்டில் வந்து பேரிங் கடை போட்டார். மோட்டார் காயில் கட்டுகிறவர் ஒருவர் வந்தார். யாரும் திட்டம் போடவில்லை, அடிக்கல் நாட்டவில்லை. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நார் எடுக்கும் கொட்டகைகள் முளைத்தன, நடவு இல்லாத நாட்களிலும் பெண்களுக்குக் கூலி கிடைத்தது. ஐந்து பட்டறை அந்த மெஷினைச் செய்த காலம் அது. கால்வாய்க்கரை ரோட்டில் நடந்தால் காது கிழியும். எனக்கு அது சங்கீதமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எங்கள் நிர்வாகத்துக்குப் புதிதாக ஒரு செயலாளர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு கெடுத்திருக்க மாட்டார். பெரிய ஊர்களில் இருக்கும் ஆராய்ச்சி வளாகங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே எல்லோரும் கழுத்தில் அட்டை மாட்டியிருக்கிறார்களாம். கதவு விரல் வைத்தால்தான் திறக்கிறதாம். திரும்பி வந்ததும் எங்களைக் கூட்டி வைத்துக் கேட்டார்.

"நாம வளராததுக்குக் காரணம் என்ன தெரியுமா? நம்ம அறிவு பின்வாசல் வழியா ஒழுகிப் போகுது."

நான் எழுந்தேன். "சார், அது ஒழுகிப் போகலை. போயிட்டுத் திரும்பி வருது. வரும்போது கூடக் கொஞ்சம் சேத்துக்கிட்டு வருது" என்றேன்.

"உணர்ச்சிவசப்படாதீங்க மேடம். அவனுங்க நம்ம டிசைனைத் திருடுறானுங்க" என்றார்.

திருட்டாம். டீ குடிக்கும்போது வாயால் சொன்னதைக் காதால் கேட்டதற்குப் பெயர் திருட்டு. அந்த மெஷினுக்குள் எது நான் கொடுத்தது, எது அண்ணாச்சி கொடுத்தது, எது அந்த மில்காரர் புலம்பியதில் வந்தது என்று கடவுளே இறங்கி வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. எவ்வளவோ கத்திப் பார்த்தேன். மண்டையில் ஏறவில்லை. பின்வாசலை நிரந்தரமாக அடைப்பது என்று முடிவானது. சுவரை உயர்த்தி மேலே கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். இரும்புக் கேட்டை வெல்டிங் வைத்து மூட ஆள் தேடினார்கள்.

பக்கத்தில் வெல்டிங் தெரிந்தவர் யார்? அண்ணாச்சிதான். அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் வந்து வைத்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குக் கோட்டி புடிச்சிருக்கா அண்ணாச்சி? உங்க வயித்துல நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுருக்கீங்க!"

"என்ன மேடம் செய்யச் சொல்லுதிய? நான் வைக்கலன்னா வேற ஒருத்தன் வைப்பான். அதுவும் அரைகுறையா வைப்பான். நான் வச்சது யானை முட்டினாலும் அசையாது, பாத்தியள்லா?" என்றார் பெருமையாக. அந்த நேரத்திலும் பெருமை.

அதோடு விட்டார்களா? மெஷின் செய்யும் பட்டறைகளை வக்கீல் வைத்து மிரட்டினார்கள். கல்லூரி டிசைனில் ஒரு மெஷின் செய்தால் கோர்ட்டுக்கு இழுப்போம் என்றார்கள். கோர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பட்டறைகள் அன்றைக்கே கைகழுவின. மற்றவர்கள் பகலில் ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று செய்தார்கள். மெஷின் வேலையைப் படுதா போட்டு மூடிக்கொண்டு பின்னால் செய்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வராததால் டீக்கடை பஸ் நிறுத்தத்துக்கு மாறியது.

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்து, ரயில்வே கேட் தாண்டி, ஊரைச் சுற்றிப் பட்டறைக்குப் போய்வந்தேன். போகலாம்தான். ஆனால் அப்படிப் போவதற்குக் கையில் ஒரு காரியம் வேண்டும், கேட்க ஒரு கேள்வி வேண்டும். கேள்வி தெரியாமல் போய் உட்கார்ந்து ஒன்று கிடைத்து வருவது நின்றுபோனது. லேபில் பிள்ளைகள் அதே மெஷினை அதே மாதிரி வருஷா வருஷம் செய்தார்கள். செயலாளர் அதைப் பளபளவென்று பெயின்ட் அடித்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தார்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னுடைய பழைய மாணவி. படிப்பு முடித்ததும் என் ஆராய்ச்சித் திட்டத்திலேயே தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தவள். நாரை முறுக்கி நூலாக்கும் மெஷின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அவள் அப்பா அம்மா மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். தோட்டத்தை மூடியதும் கீழே இறங்கி வந்து களக்காட்டில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு அவள் சம்பளம்தான். என் திட்டம் முடிகிற நிலைமையில் இருந்தது. வெளியூரில் வேலை தேடு என்று நான் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள்.

"மலையில இருந்து ஒரு தடவ மூட்டை கட்டி இறங்கியாச்சு மேடம். இன்னொரு தடவ கட்டுனா எங்க அம்மா தாங்க மாட்டா. இங்கனயே ஏதாவது பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அந்த 'ஏதாவது' வருவது போலத்தான் இருந்தது. வாழைநாருக்கென்று அரசாங்கம் ஒரு பரிசோதனை மையம் அமைக்கப்போவதாகச் செய்தி வந்தது. மெஷின்களைச் சோதிப்பது, பயிற்சி கொடுப்பது, புதிது புதிதாகச் செய்து பார்ப்பது. நிரந்தர வேலைகள். எங்கள் கல்லூரி ஒரு இடம், கோயம்புத்தூர் பக்கம் ஒரு இடம் என்று இரண்டைப் பார்க்கப்போகிறார்கள். வாழை இங்கே இருக்கிறது, மெஷின் இங்கே பிறந்தது, செய்யத் தெரிந்த கை இங்கே இருக்கிறது. எங்களுக்குத்தான் என்று நான் நம்பினேன். அவளும் நம்பினாள். அவள் அம்மா களக்காட்டில் ஒரு சொந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுக்கூட வந்தாராம்.

கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைமை ஒரு அம்மாள், சென்னையிலிருந்து வந்தவர், நிதானமாகப் பேசினார். கண்ணாடிக் கூண்டைக் காட்டினோம். மெஷினை ஓட்டினோம். நூல் முறுக்கும் மெஷினை அந்தப் பிள்ளை ஓட்டிக் காட்டினாள், நன்றாகவே செய்தாள். அப்புறம் அந்த அம்மாள் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. உங்க டெக்னாலஜி வெளியில எந்த அளவுக்குப் பரவியிருக்கு? இதைச் செய்யறவங்க சுத்துவட்டாரத்துல எத்தனை பேர் இருக்காங்க?"

அதுதான் கேள்வி. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். பக்கத்திலிருந்த இன்னொரு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்.

"வெளியே ஒருத்தருக்கும் தெரியாது, சார். ஒரு ஆள் செய்ய முடியாது. அவ்வளவு கட்டுக்காவலா வச்சிருக்கோம்."

நூறு மார்க் வாங்கிவிட்டதாக அவர் முகம். அந்த அம்மாளின் முகம் மாறியதை அவர் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன்.

"இல்லை மேடம், வெளியே பட்டறைகள் இருக்கு. அஞ்சு பேர் செஞ்சாங்க. இப்பவும் மூணு பேர் செய்யுறாங்க" என்றேன் நான்.

"அதெல்லாம் டிராக்டர் ரிப்பேர் கடை" என்றார் செயலாளர், சிரித்துக்கொண்டே.

"பார்க்கலாமா?" என்று அந்த அம்மாள் கேட்டார். கடிகாரத்தையும் பார்த்தார். வாகைக்குளத்தில் விமானம் பிடிக்க வேண்டும். ஊரைச் சுற்றிப் போனால் ரயில்வே கேட்டிலேயே பாதி நேரம் போய்விடும். பின்வாசல் இருந்திருந்தால் நாலு எட்டு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்று பேரையும் லேபுக்குப் பின்னால் சுவரோரம் அழைத்துப் போனேன். அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி!" என்று கத்தினேன். கிரைண்டர் நின்றது.

"யாரு?"

"நான்தான், லேப் மேடம். கமிட்டியில இருந்து அதிகாரிங்க வந்திருக்காங்க. நீங்க நார் மெஷின் செய்யுறதைப் பத்திக் கேக்குறாங்க. சொல்லுங்க!"

அதிகாரிகள் என்றதும் அந்தப் பக்கம் இரும்பை அவசரமாக இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டது அண்ணாச்சியின் குரல், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"நாங்க மெஷின் ஒண்ணும் செய்யல மேடம்! ஜன்னல் கம்பிதான் செய்யுதோம்! நார் மெஷினு எப்படி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாது!"

பின்னாலேயே இன்னொரு குரல், யாரிடமோ: "ஏலே, அந்தப் படுதாவ நல்லா இழுத்து மூடுலே."

பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பெருமையடிக்காமல் இருந்திராத மனிதர், பெருமையடிக்க வேண்டிய ஒரே நாளில் எல்லாவற்றையும் மறுத்துவிட்டார். வக்கீல் மிரட்டியது அப்படி. டிசைனை வெளியே கொடுத்த பழி என் மேல் வராமல் என்னையும் காப்பாற்றுவதாக நினைத்திருக்கிறார், பிறகுதான் சொன்னார். செயலாளர், "நான் சொன்னேன்ல" என்கிற மாதிரி அந்த அம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பிள்ளை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கமிட்டி விமானத்துக்குப் போய்விட்டது.

மையம் கோயம்புத்தூருக்குப் போனது. சுற்றிலும் தயாரிப்பாளர்கள் இல்லாத இடத்தில் மையம் வைத்துப் பயனில்லை என்று காரணம் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காரணம் நூற்றுக்கு நூறு சரி. அதைத்தான் நான் வருஷக்கணக்கில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். "எல்லாம் அரசியல் மேடம்" என்றார் செயலாளர். எனக்கு அவர் முன்னால் நிற்கவே பிடிக்கவில்லை, வந்துவிட்டேன்.

அந்த மையத்தில் அந்தப் பிள்ளைக்கு வேலை கொடுத்தார்கள். அவள் ஓட்டிக் காட்டியதை அந்த அம்மாள் மறக்கவில்லை. போகாதே என்று நான் எந்த வாயால் சொல்வேன்? புது பஸ் ஸ்டாண்டில் காலை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். அவள் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள், அவர்களும் மகளோடு போகிறார்கள். பாத்திர மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன கொஞ்ச நாளில் அவள் போன் செய்தாள். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"மேடம், எங்க ஆபீஸ் எதுக்க ஒரு பேக்கரி இருக்கு. லேத்துக்காரங்க, நூல் மில்லுக்காரங்க எல்லாரும் அங்கனதான் டீ குடிக்காங்க. நான் எது கேட்டாலும் சொல்லுதாங்க. என் முறுக்கு மெஷினு மாறியே போச்சு மேடம்!"

சந்தோஷம் பிள்ள என்றேன். போனை வைத்துவிட்டு, எதிரே நின்ற பிள்ளைகள் மேல் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஒரு வருஷம் கழித்து, அந்த மையத்தில் சோதித்துக் கம்பெனி ஒன்று செய்த கோயம்புத்தூர் மெஷின் எங்கள் பக்கம் வந்து இறங்கியது. பச்சைப் பெயின்ட், பெரிய ஸ்டிக்கர், தவணைத் திட்டம். ஸ்ரீவைகுண்டத்துக் கொட்டகைகள் அதைத்தான் வாங்கின. அண்ணாச்சியைத் தேடிக் கம்பெனி ஆள் வந்தார், சர்வீஸ் நீங்கள் பாருங்கள் என்றார். அண்ணாச்சி என்னிடம் யோசனை கேட்டார். நான் திட்டினேன். மறுநாள் பட்டறை முகப்பில் அவர்கள் போர்டு தொங்கியது. மெஷின் செய்த மனிதர் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவர் ஆனார். அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, வீட்டில் உலை வைக்க வேண்டாமா?

ஆனால் அந்த மெஷினில் நார் அறுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் கொட்டகை நடத்தும் ஒரு பெண், மெஷினைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார், போனேன். தகட்டுக்கும் உருளைக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைச்சலாக இருந்தது. அறிவில்லாமல் வைத்திருக்க மாட்டார்களே என்று நானும் அண்ணாச்சியும் மாறி மாறிப் பேசினோம். பேச்சுவாக்கில்தான் எனக்குப் பொறி தட்டியது. அங்கே வாழைமட்டை லாரியில் போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும். வாடிய மட்டை மெலிசு. அதற்கு அந்த அளவு சரி. இங்கே காலையில் வெட்டிய மட்டை, தண்ணீரோடு கனமாக இருக்கும். அந்த இடைவெளியில் கொடுத்தால் அறாமல் என்ன செய்யும்? எங்கள் பட்டறை மெஷின் என்றால் தகட்டுக்கு அடியில் ஒரு தகரத் துண்டை வைத்தோ எடுத்தோ அங்கேயே சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. வாழை இங்கே இருக்கும்போது மையத்தை அங்கே வைத்தீர்களே, அனுபவியுங்கள் என்று மனதுக்குள் குதித்தேன்.

அப்போது அண்ணாச்சியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பிள்ளைதான்.

"அண்ணாச்சி, அங்கன நார் அறுதுன்னு சொல்லுதாங்க. இங்கன சோதிச்சா நல்லா வருது. என்னன்னு கண்டுபிடிச்சியளா?"

நான் சைகை காட்டினேன். அவர் போனைக் கையால் பொத்தினார்.

"தெரியலைன்னு சொல்லுங்க" என்றேன்.

"என்ன மேடம்?"

"தெரியலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி. அவங்களே கண்டுபிடிக்கட்டும். நாம சொல்லிக் கொடுத்து அவங்க மெஷினை ஓடவைக்கணுமா? அது ஓடலைன்னாத்தான் நம்ம மெஷினைத் தேடி ஆள் வரும்."

அண்ணாச்சி என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தார். "நீங்களா மேடம் இப்படிச் சொல்லுதிய?" என்றார்.

அந்த ஸ்ரீவைகுண்டத்துப் பெண் அறுந்த நாரை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "ஏன் அண்ணாச்சி, தவணை கட்டுத மெஷினு. சரியாகுமா, ஆகாதா? அதைச் சொல்லுங்க, நான் பஸ்ஸுக்குப் போணும்" என்றார்.

அண்ணாச்சி பொத்திய கையை எடுத்தார். ஊருக்கே கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். வாடிய மட்டை, பச்சை மட்டை, இடைவெளி. பாதியை அவரே கண்டுபிடித்ததாகவும் சேர்த்துக்கொண்டார். கடைசியில், "மேடம் இங்கனதான் நிக்காங்க, பேசுதியா?" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

வாங்கினேன். கோபம் இன்னும் இருந்தது. யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை.

"நல்லா இருக்கியளா மேடம்?" என்றாள்.

"இடைவெளியைக் கூட்டினா மட்டும் போதாது பிள்ள" என்றேன். "அப்புறம் வாடின மட்டைக்கு நார்ல சதை நிக்கும். தகட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு திருகு வையி. வாங்குறவங்களே மட்டையைப் பாத்துக் கூட்டிக் குறைச்சுக்கிடட்டும். எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன் மேடம்."

அதற்குப் பிறகு வந்த மெஷின்கள் எல்லாவற்றிலும் அந்தத் திருகு இருக்கிறது. நார் அறுவதில்லை. பட்டறைக்கு ரிப்பேர் என்று இப்போது ஒருவரும் வருவதில்லை. அண்ணாச்சி மகனைக் கோயம்புத்தூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்.